ஒத்தியா, லீஸா, அடமானமா: மதுரை மாடி வீடு ஒன்றின் வழக்கு

2022 ஆகஸ்டில் அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் ஒரு இருபது ரூபாய்ப் பத்திரம், வீட்டு வரி ரசீதின் நகல், பட்டாவின் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக். அவற்றோடு அன்று காலை ஒருவர் வந்து கொடுத்துவிட்டுப் போன அறிவிப்பு. தலைமைக் குற்றவியல் நடுவர் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், குறிப்பிட்ட தேதியில் வீட்டின் சுவாதீனத்தை எடுத்து வங்கியிடம் ஒப்படைக்கப் போவதாக அதில் இருந்தது.

“தம்பி, நாங்க வாடகைக்கு இல்ல. ஒத்திக்கு இருக்கோம். ஆறு லட்சம் குடுத்திருக்கோம். எங்களை எப்படி வெளிய போகச் சொல்ல முடியும்?”

அந்த நான்கு வாக்கியங்களைச் சட்டம் எப்படிக் கேட்டது என்பதுதான் இந்த வழக்கு. கட்சிக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

நடந்தது

கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 5 லட்சத்தை 2018 ஜூனில் மாடி வீடு ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷம். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. கெடு முடிந்ததும் ஓனர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இவர்கள் சாவியைத் தர வேண்டும். புரோக்கர் கொண்டுவந்த பத்திரத்தின் தலைப்பு ‘லீஸ் அக்ரிமென்ட்’. உள்ளே ‘வாடகைதாரர்’ என்று ஒரு வரி, ‘ஒத்தித் தொகை’ என்று இன்னொரு வரி, ‘அட்வான்ஸ்’ என்று மூன்றாவது ஒரு வரி. எல்லாம் அதே 5 லட்சத்தைத்தான் குறித்தன. சாட்சிக் கையெழுத்து இரண்டு, நோட்டரி முத்திரை ஒன்று. பதிவு இல்லை.

2021 ஜூனில் கெடு முடிந்தது. ஓனரிடம் பணம் இல்லை. “இன்னும் ரெண்டு வருஷம் இருங்கக்கா, ஒரு லட்சம் சேத்துக் குடுங்க” என்றார். அதே பத்திரத்தின் பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வீட்டின் மூலப்பத்திரம் 2013 முதலே வங்கியில் இருந்தது. தொழிலுக்காக வாங்கிய கடன். 2018-இல் இந்த அம்மா மூலப்பத்திரத்தைப் பார்க்கக் கேட்டபோது, “பத்திரம் லாக்கர்ல இருக்கு” என்று பதில் வந்திருக்கிறது. வில்லங்கச் சான்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 2013-ஆம் வருஷப் பதிவு முதல் பக்கத்திலேயே இருந்திருக்கும்.

2021 நவம்பரில் வங்கி, கடன் கட்டாதவரின் பிணையச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டம் 2002, பிரிவு 13(2)-இன் கீழ் ஓனருக்கு 60 நாள் அறிவிப்பு அனுப்பியது. 2022 மார்ச்சில் பிரிவு 13(4)-இன்படி சுவாதீன அறிவிப்பைச் சுவரில் ஒட்டினார்கள், இரண்டு நாளிதழ்களிலும் வெளியிட்டார்கள். சுவரில் ஒட்டியதை ஓனர் கிழித்துப் போட்டுவிட்டு, “அது நமக்கும் பேங்குக்கும் உள்ளது, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லியிருக்கிறார். இவர்களும் நம்பியிருக்கிறார்கள். ஐந்து மாதம் அப்படியே போனது. அந்த ஐந்து மாதம் எங்கள் கையில் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிதானமாக யோசித்திருப்போம்.

ஒரே பணம், மூன்று பெயர்

மதுரைப் பக்கம் ‘ஒத்தி’ என்பதைச் சென்னையில் ‘லீஸ்’ என்கிறார்கள், சில ஊர்களில் ‘போக்கியம்’. கல்வெட்டுகளில் ‘ஒற்றி’ என்று வரும் சொல்தான் பேச்சில் ஒத்தியானது. மலையாளத்திலும் இதே சொல் இதே பொருளில் உண்டு. பணம் கொடுத்தவன் சொத்தை ஆண்டு அனுபவிப்பான், பணம் திரும்பியதும் சொத்தும் திரும்பும். ஊருக்கு இதில் குழப்பமே கிடையாது. குழப்பம் வந்தது ‘லீஸ்’ என்ற சொல் வந்த பிறகுதான். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு.

சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 105 சொல்லும் குத்தகை என்பது, ஒரு அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை வாடகைக்கோ, கொடுத்த விலைக்கோ, இரண்டுக்குமோ ஒரு காலத்துக்கு மாற்றித் தருவது. அந்த விலை திரும்பி வராது. அனுபவித்ததற்கான கிரயம் அது. திரும்பி வந்தாக வேண்டிய பணம் என்றால் அது கடன். கடனுக்குப் பிணையாகச் சொத்தைக் கொடுத்தால் அது அடமானம். தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் நீதிமன்றம் உள்ளடக்கத்தைத்தான் பார்க்கும்.

அதே சட்டத்தின் பிரிவு 58 அடமானத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறது. இந்த வழக்குக்கு வேண்டியவை இரண்டு. 58(d) சொல்வது சுவாதீன அடமானம்: சொத்தின் சுவாதீனத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, வட்டிக்குப் பதிலாக அதன் வருமானத்தை அவர் எடுத்துக்கொள்ள விடுவது. நம் ஒத்தி வரிக்கு வரி இதுதான். 58(f) சொல்வது உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானம். கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் ஆகிய மூன்று நகரங்களைப் பெயர் சொல்லி, மாநில அரசு அறிவிக்கும் மற்ற ஊர்களையும் சேர்த்து அந்தப் பிரிவு பேசும். வீட்டில் குடியிருப்பது யாராகவும் இருக்கலாம். பத்திரம் வங்கியின் கையில் இருந்தால் பிணையம் வங்கிக்கு. ஊரில் இதை ‘எம்ஓடி போட்டிருக்கு’ என்பார்கள். ஒப்படைத்ததைக் குறிக்கும் குறிப்பாணையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதால்தான் வில்லங்கச் சான்றில் அது தெரிகிறது.

எனவே ஒரே மாடி வீட்டின் மேல் இரண்டு அடமானங்கள் இருந்தன. 2013-இல் வங்கிக்கு, பதிவோடு. 2018-இல் இந்தக் குடும்பத்துக்கு, பதிவில்லாமல்.

பிரிவு 59 இங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. பத்திர ஒப்படைப்பு அடமானத்தைத் தவிர, அசல் 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள எந்த அடமானமும் பதிவு செய்த ஆவணத்தால்தான் ஆகும். அடமானம் வைப்பவர் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் அத்தாட்சி செய்திருக்க வேண்டும். 100 ரூபாய் என்ற அந்தத் தொகை இன்றும் மாறவில்லை. நம் ஆவணத்தில் சாட்சிகள் இருந்தார்கள், பதிவு இல்லை. பதிவுச் சட்டம் 1908, பிரிவு 49-இன்படி அப்படிப்பட்ட ஆவணம் சொத்தைப் பாதிக்காது. அதாவது அடமானமே உண்டாகவில்லை.

ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டேன். “பதிவுன்னா இருபத்தஞ்சாயிரம் ஆகும்னு புரோக்கர் சொன்னாரு.” அவர் கணக்குத் தப்பில்லை. சுவாதீன அடமானத்துக்குக் கடன் தொகையில் 4 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 5 லட்சத்துக்கு 25,000. இந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் தமிழ்நாடு முழுக்க ஒத்திகள் பதிவில்லாமல் நடக்கின்றன. ஓனருக்கும் அது வசதி: வில்லங்கத்தில் ஒத்தி ஏறாது, அடுத்தவரிடம் கடன் கேட்பது எளிது. இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பை இழப்பவர் பணம் கொடுத்தவர் ஒருவர்தான். அவருக்கு அதை எடுத்துச் சொல்ல அந்த மேசையில் யாரும் இருப்பதில்லை.

கடன் வசூல் தீர்ப்பாயத்தில்

சர்ஃபேசி சட்டத்தின் பிரிவு 17-இன்படி வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 45 நாள் கெடு. மதுரையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது. செப்டம்பரில் மனுத் தாக்கல் செய்தோம். அதற்கு முந்தைய இரவு முழுக்க என்னை அலைக்கழித்த கேள்வி, இந்த அம்மாவை யார் என்று சொல்வது என்பதே.

ஒத்திதாரர் என்று சொன்னால், பிரிவு 59 முதல் வரியிலேயே தள்ளிவிடும். ஒரு பேச்சுக்குப் பதிவான ஒத்தி என்றே வைத்துக்கொண்டாலும், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 48-இன்படி முந்திய உரிமைதான் முதலில். 2013-க்குப் பின்னால்தான் 2018 நிற்கும்.

வாடகைதாரர் என்று சொல்லலாமா? 2016-இல் சர்ஃபேசி சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 17(4A), குடியிருப்பவரின் கோரிக்கையைத் தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்கிறது. அது பார்க்கச் சொல்வது நான்கு விஷயங்கள்: குத்தகைக் காலம் முடிந்துவிட்டதா, சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 65A-க்கு விரோதமா, அடமான நிபந்தனைகளுக்கு விரோதமா, 13(2) அறிவிப்புக்குப் பிறகு உண்டாக்கப்பட்டதா. கடைசிக் கேள்வியில் நாங்கள் தேறினோம்; எங்கள் 2018-உம் 2021 ஜூனும் அறிவிப்புக்கு முந்தியவை. மற்ற மூன்றிலும் சறுக்கல்.

65A-ஐக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அடமானம் வைத்த பிறகும் சொத்து ஓனரின் சுவாதீனத்தில் இருந்தால், அவர் அதைக் குத்தகைக்கு விடலாம். வங்கியை அது கட்டுப்படுத்தும். ஆனால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்கு விட வேண்டும். மொத்தத் தொகை எதுவும் வாங்கக் கூடாது. வாடகையை முன்கூட்டி வாங்கக் கூடாது. கட்டடம் என்றால் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஒத்தி என்பது முழுக்க முழுக்க மொத்தத் தொகைதான், வாடகையே இல்லை. பிரிவு 65A தடுப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் வருவது நம் ஊர் ‘லீஸ்’. 1929-இல் சட்டத்தில் நுழைந்த இந்தப் பிரிவு, கடன் வாங்கியவர் சொத்தின் வருமானத்தை முன்கூட்டியே உறிஞ்சிவிட்டு வெறுங்கூட்டைக் கடன் கொடுத்தவரிடம் விடக் கூடாது என்பதற்காக இருக்கிறது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அம்மாவும் கடன் கொடுத்தவர்தான்.

போதாததற்கு அதே சட்டத்தின் பிரிவு 107: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு வேண்டும். 2019-இல் பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பதிவில்லாத அல்லது வாய்மொழிக் குத்தகையை வைத்து வங்கியை எதிர்ப்பவர், அந்தப் பிரிவு அனுமதிக்கும் காலத்துக்கு மேல் சுவாதீனத்தைத் தக்கவைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மாநில அளவில், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டமும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவையும் கேட்கிறது. எங்களிடம் இருந்தது பதிவில்லாத அந்த இருபது ரூபாய்ப் பத்திரம் மட்டும்தான்.

இரண்டில் எதைப் பிடித்தாலும் நிற்க இடமில்லை என்று தெரிந்துதான் வாதாடினேன். மனுவில் நேர்மையாக எழுதினேன்: ஒத்தி, பதிவில்லை, பணம் 6 லட்சம், நல்லெண்ணத்தில் இருப்பவர்கள், வீட்டில் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள். தடையாணை கிடைக்கவில்லை. பொங்கல் முடியும் வரை காலி செய்ய அவகாசம் கிடைத்தது. 2023 ஜனவரி கடைசியில் வீட்டை விட்டார்கள்.

இந்த இடத்தில் சில சகாக்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ‘வாடகைதாரர்’ என்றே அழுத்திச் சொல்லி, மாத வாடகை கொடுத்ததாக ரசீது தயாரித்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பொய் ரசீது என்பதோடு விஷயம் முடியவில்லை. இந்த அம்மாவுக்குத் திரும்பி வர வேண்டிய 6 லட்சம் ‘கடன்’ என்பதுதான் அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே உரிமை. வாடகைதாரர் என்று ஒரு நீதிமன்றத்தில் சொல்லிவிட்டு, கடன் கொடுத்தேன் என்று இன்னொரு நீதிமன்றத்தில் எப்படிக் கேட்பது?

பணத்துக்கான வழக்கு

வீடு போகும், பணத்தையாவது பிடிக்க வேண்டும் என்று செப்டம்பரிலேயே முடிவு செய்திருந்தோம். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 68(1)(d) இதற்கென்றே இருப்பது போலத் தோன்றும்: சுவாதீனத்துக்கு உரிமையுள்ள அடமானதாரருக்கு, மேலான உரிமை கோரும் ஒருவரால் இடையூறு வராமல் சுவாதீனத்தைக் காத்துத் தர ஓனர் தவறினால், அடமானப் பணத்துக்கே வழக்குப் போடலாம். ஆனால் அது செல்லுபடியாகும் அடமானத்துக்கு. நம்முடையது அதுவல்ல.

பதிவில்லாத ஆவணத்தையும் துணை நோக்கத்துக்குச் சான்றாகக் காட்டலாம் என்று பதிவுச் சட்டம் பிரிவு 49-இன் விதிவிலக்கு சொல்கிறது. பணம் கைமாறியதைக் காட்ட அது உதவும். தடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. இந்திய முத்திரைச் சட்டம் 1899, பிரிவு 35: போதிய முத்திரை இல்லாத ஆவணத்தை எந்த நோக்கத்துக்கும் சான்றாக ஏற்க முடியாது. ஏற்க வேண்டுமென்றால் குறைந்த தீர்வையையும் அதைப் போலப் பத்து மடங்கு அபராதத்தையும் கட்ட வேண்டும். 5 லட்சத்துக்கு 4 சதவீதம் 20,000. பத்து மடங்கு 2 லட்சம். அன்று 25,000 மிச்சம் பிடித்தவர் கையில் இன்று அந்தத் தாளைக் காட்டுவதற்கே 2 லட்சத்துக்கு மேல் வேண்டும். அவரிடம் அந்தப் பணம் இல்லை.

அதனால் தாளை ஓரமாக வைத்தோம். முதலில் ஓனருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினேன். அதில் ‘லீஸ்’ என்றோ ‘ஒத்தி’ என்றோ வாதம் செய்யவில்லை. இந்தத் தேதியில் இவ்வளவு, அந்தத் தேதியில் இவ்வளவு பெற்றீர்கள், திருப்பித் தாருங்கள் என்று மட்டும். பதில் வந்தது. பெற்றதை மறுக்கவில்லை, வங்கி விவகாரம் முடிந்ததும் 6 லட்சத்தையும் தந்துவிடுவேன், அவகாசம் வேண்டும் என்று அவருடைய வழக்கறிஞர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்த நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2022 அக்டோபரில் பண வழக்குத் தாக்கல். ஆதாரம் பாஸ்புக்கில் இருந்த வங்கிப் பரிமாற்றமும் அந்தப் பதில் அறிவிப்பும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 12, விதி 6-இன் கீழ், எதிராளி ஒப்புக்கொண்டதை வைத்தே தீர்ப்புக் கேட்கலாம், கேட்டோம்.

இன்னொரு வேலை அதைவிட அவசரமானது. வங்கி வீட்டை ஏலம் விட்டு, தன் கடனும் செலவும் போக மீதி இருந்தால், சர்ஃபேசி சட்டம் பிரிவு 13(7)-இன்படி அந்த மீதியை உரியவரிடம் கொடுக்க வேண்டும். உரியவர் என்றால் ஓனர். அவர் கைக்குப் போனால் அது திரும்பாது. அதனால் தீர்ப்புக்கு முந்திய பற்றுகைக்கு, அதாவது தீர்ப்பு வரும் முன்பே எதிராளியின் பணத்தை முடக்கி வைக்க, ஆணை 38, விதி 5-இன்படி மனுப் போட்டு, மீதித் தொகையை ஓனருக்குக் கொடுக்கக் கூடாது என்று வங்கிக்குத் தடை உத்தரவு வாங்கினோம். 2023 மார்ச்சில் வீடு 38 லட்சத்து 10 ஆயிரத்துக்கு ஏலம் போனது. வங்கிக்கு வட்டி, செலவோடு 33 லட்சத்து 50 ஆயிரம். மீதி 4 லட்சத்து 60 ஆயிரம் நீதிமன்றக் கணக்குக்கு வந்தது.

ஒத்தி பற்றி இன்னொன்று

இந்த வழக்கைக் கேட்ட என் உறவினர் ஒருவர், “அப்ப ஒத்தியே ஆகாதா?” என்றார். ஆகும். பதிவான ஒத்திப் பத்திரத்துக்கு நல்ல பலம் உண்டு. வில்லங்கத்தில் ஏறும். முந்திய அடமானம் ஒன்று இருந்தாலும், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 91-இன்படி பின்னால் வந்த அடமானதாரரும் முந்திய கடனைக் கட்டிச் சொத்தை மீட்கக் கேட்கலாம். ஒத்திக்கு வைத்தவருக்கும் பாதுகாப்பு உண்டு. கிராமங்களில் தாத்தா காலத்தில் ஒத்திக்குப் போன நிலம் முப்பது வருஷம் கழிந்தால் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடும் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. 2014-இல் சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அது ஹரியானா வழக்கு. சுவாதீன அடமானத்தில் சொத்தை மீட்பதற்கான காலவரையறை அடமானம் வைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. பணம் அனுபவத்தில் கழிந்தோ கட்டப்பட்டோ தீர்ந்த பிறகே தொடங்கும். காலம் போனதால் மட்டும் ஒத்தி வாங்கியவர் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். நம் பக்கத்து நஞ்சை வழக்குகளில் இந்தத் தீர்ப்பை நானே பயன்படுத்தியிருக்கிறேன்.

வில்லங்கச் சான்றை இப்போது பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சொத்தின் சர்வே எண்ணும் ஊரும் தெரிந்தால் போதும். அதில் பத்திர ஒப்படைப்பு என்ற வரியைப் பார்த்தால், அதற்கு எதிராக, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கடன் இன்னும் நிற்கிறது. மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. ஜெராக்ஸ் பட்டாவும் வரி ரசீதும் வீடு யாருடையது என்பதற்கு ஒரு சாடை காட்டும், அவ்வளவுதான். அது யாரிடம் அடகில் இருக்கிறது என்பதை அவை சொல்லாது.

இப்போது

2024-இல் 6 லட்சத்துக்கும், வழக்குத் தேதியிலிருந்து 6 சதவீத வட்டிக்கும் தீர்ப்பானது. நீதிமன்றத்தில் இருந்த 4 லட்சத்து 60 ஆயிரத்தை எடுத்துக்கொள்ள உத்தரவு வாங்கினோம். அசலில் இன்னும் 1 லட்சத்து 40 ஆயிரமும் வட்டியும் பாக்கி. ஓனருக்கு ஊரில் பங்கு நிலம் இருப்பது தெரிந்து, தீர்ப்புப் பணத்தை அதிலிருந்து வசூலிக்க நிறைவேற்று மனுப் போட்டிருக்கிறோம்; பங்காளிகள் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது.

குடும்பம் இப்போது சிறிய வீடு ஒன்றில் மாத வாடகைக்கு இருக்கிறது. ஒப்பந்தத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதில் ‘லீஸ்’ என்ற சொல் வரவில்லை. வாடகை, முன்பணம், காலம் ஒவ்வொன்றும் அதனதன் பெயரில் இருக்கின்றன. வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்தாயிற்று.

இருபது ரூபாய்ப் பத்திரத்தை நாங்கள் கடைசி வரை எந்த நீதிமன்றத்திலும் சான்றாவணமாகக் குறியிடவில்லை. அது அந்த அம்மாவிடமே இருக்கிறது, அதே பிளாஸ்டிக் கவரில்.